மழித்த தலை

புது வாளி வந்திருக்கிறது என்றால் யாரோ பெரிய ஆள் வரப்போகிறார் என்று அர்த்தம். பச்சை நிறம், கடையில் ஒட்டிய சீட்டைக்கூடக் கிழிக்கவில்லை. காது அறுந்த என் பழைய வாளியை வார்டர் தங்கமாரி தூக்கிக்கொண்டு போய்விட்டார். அதன் மேல் எனக்கு ஒரு பிரியம் வந்திருந்தது, சொன்னால் சிரிப்பார்கள் என்று சொல்லவில்லை, சொல்வதற்கு ஆளும் இல்லை. வெளியே நடையில் பிளீச்சிங் பவுடர் தூவுகிறார்கள், மூக்கு எரிகிறது, வெளிச்சுவரில் சுண்ணாம்பு மட்டை சரக் சரக்கென்று இழுபடுகிறது. கல்யாண வீட்டுக்கு வெள்ளையடிக்கிற மாதிரி ஒரே அமளி. மாப்பிள்ளை நான்தான். இன்றைக்குத்தான் என்று பகவதி சொல்லியிருந்தாள், நீதிபதியே நேரில் வந்து பார்க்கப்போகிறார் என்று, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து டெலிபோனில் சொன்னாள். பகவதி என் வீட்டுக்காரி. சங்கரன்கோவிலில் விசைத்தறி ஓட்டுகிறாள். தறிச் சத்தத்தில் வேலை பார்த்து அவளுக்குக் குரலே உரத்துப்போய்விட்டது, ரகசியம் சொன்னாலும் நாலு வீட்டுக்குக் கேட்கும், அன்றைக்கு அவள் ரகசியமாகச் சொன்னதைப் பக்கத்தில் நின்ற போலீசுக்காரர் முழுசாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். என்னைத் தனியாக அடைத்து வைத்திருப்பது தப்பு என்று அவள்தான் மனுப் போட்டவள். அதற்கு ஜெயில்காரர்கள், தனிமைச் சிறை என்று எங்களிடம் ஒன்று கிடையவே கிடையாது, பாதுகாப்புக்காகத் தனி அறையில் வைத்திருக்கிறோம், ஆள் ஆரோக்கியமாக இருக்கிறார் என்று பதில் கொடுத்தார்களாம். அப்படியென்றால் கிடையாத ஒரு இடத்தில் நான் உட்கார்ந்திருக்கிறேன். நீதிபதி இன்றைக்கு வந்து, ஆமாம் ஆள் நன்றாகத்தான் இருக்கிறார் என்று எழுதிவிட்டுப் போனால் மனு தள்ளுபடி, கேஸ் முடிகிற வரைக்கும் இந்த அறைதான், இந்த மாதிரிக் கேஸெல்லாம் எப்போது முடிந்திருக்கிறது, வருஷக்கணக்காகும், அதுவரைக்கும் நான் நானாக இருப்பேனா என்று எனக்குத் தெரியாது. இல்லை ஐயா, இவர் நன்றாக இல்லை என்று அவர் கண்ணுக்குப் பட வேண்டும். பட வைக்க என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்றுதான், என் தலை.

தலையை நான் பார்த்ததில்லை. இங்கே கண்ணாடி வைத்துக்கொள்ளக் கூடாது, உடைத்துக் கழுத்தை அறுத்துக்கொள்வோமாம், தட்டுகூட பிளாஸ்டிக்தான், முகம் தெரியாது. தண்ணீரில் பார்க்கலாம் என்று வாளியில் குனிந்தால் மேலே எரிகிற விளக்கு தண்ணீருக்குள் வந்து உட்கார்ந்துகொள்கிறது, என் முகம் கறுப்பாக ஒரு உருண்டை, அவ்வளவுதான். பகவதிதான் முதலில் பார்த்தாள். பேசிக்கொண்டே இருந்தவள் நிறுத்திவிட்டு, "இந்தாங்க, தலையில என்னது அது?" என்றாள். என்னது என்று நான் தடவினேன். "குனிங்க" என்றாள். குனிந்தேன். டெலிபோனில் வெறும் மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது. "எங்கங்க போச்சு முடியெல்லாம்? பிச்சுப் பிச்சு எடுத்த மாதிரி இருக்கே, யாரு செஞ்சா?" உப்புத் தண்ணி, அதான் கொட்டுது என்றேன். நான் உண்மையிலேயே அப்படித்தான் நினைத்திருந்தேன். தரையில் முடி கிடக்கும், கூட்டி ஓரமாகத் தள்ளுவேன், மறுபடி கிடக்கும். அன்றைக்கு அறைக்குத் திரும்பி வந்து சுவரில் சாய்ந்து எதையோ யோசித்துக்கொண்டிருந்தபோது, வலது கை அது பாட்டுக்கு மேலே ஏறிப் போவதைக் கண்டேன். சுவரில் பல்லி ஏறுவதை உட்கார்ந்து பார்ப்போமே, அப்படிப் பார்த்தேன். அது போய் ஒரு முடியைத் தேடி, விரலில் சுற்றி, வெடுக்கென்று பிடுங்கியது. சுருக்கென்று வலித்தது. வலித்ததும் ஒரு நிம்மதி வந்தது, அந்த நிம்மதியைக் கண்டுதான் நான் நடுங்கிப்போனேன். இவ்வளவு நாளும் இதைச் செய்தது நானா? எனக்குத் தெரியாமல் என் கை வேறு என்னவெல்லாம் செய்கிறது? அன்றிலிருந்து கை மேல் உட்கார்ந்துகொள்கிறேன். தூங்கும்போது துண்டால் சேர்த்துக் கட்டிக்கொள்கிறேன், விடியும்போது துண்டு ஒரு பக்கம் கிடக்கும். வக்கீல் பகவதியிடம் சொன்னாராம், அவரை எதுவும் பேச வேண்டாமென்று சொல்லுங்கள், பேச்சில் தடுமாறிவிடுவார், நீதிபதி முன்னால் குனிந்து தலையைக் காட்டினால் போதும், மிச்சத்தை நான் கோர்ட்டில் பேசிக்கொள்கிறேன் என்று. குனிவதுதானே, அதைக்கூடவா செய்யமாட்டேன். இந்த இடத்துக்கு வந்ததிலிருந்து குனிந்துகொண்டுதான் இருக்கிறேன்.

பூட்டு திறக்கும் சத்தம். அதற்குள்ளாகவா? இல்லை, செருப்புச் சத்தம் இரண்டு, ஒன்று தங்கமாரி, மற்றது யாரென்று தெரியவில்லை, தெரியாத செருப்புச் சத்தம் கேட்டாலே எனக்கு உள்ளங்கை வேர்த்துவிடும். கம்பிக்கு வெளியே மெலிந்த ஒரு ஆள் நிற்கிறான், கைதி உடுப்பு, கையில் ஒரு மக், சவரக்கத்தி. "உக்காரு, கையப் பின்னால கொண்டா" என்கிறார் தங்கமாரி. எதுக்குங்கய்யா? "முடி. முழுசா எடுக்கச் சொல்லி ஜெயிலர் ஆர்டர். தலையில பேனாம், சுகாதாரம்." பேனாம்! பேன் வருவதற்குப் பக்கத்தில் இன்னொரு தலை வேண்டாமா? இதைச் சொன்னால் அவரே சிரித்திருப்பார், நல்ல மனுஷர்தான், பொங்கலுக்கு யாருக்கும் தெரியாமல் ஒரு துண்டு கரும்பு தந்தவர். அவர்களுக்குத் தெரிந்துவிட்டதா? அன்றைக்கு பகவதி பக்கத்தில் நின்ற போலீசுக்காரர் சொல்லியிருப்பாரா? இல்லை, சுவருக்குச் சுண்ணாம்பு அடிப்பது மாதிரி எனக்கு மொட்டை, வருகிறவர் கண்ணுக்குச் சுத்தமாக இருக்கட்டும் என்று, அவ்வளவுதானா? தெரிந்து செய்தாலும் தெரியாமல் செய்தாலும் கத்தி ஒன்றுதான். முழுக்க மழித்துவிட்டால் சொட்டை எது, மொட்டை எது என்று யாருக்குத் தெரியும்? வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வேண்டாம் ஐயா, நீதிபதி வந்து போகட்டும், அப்புறம் எடுத்துக்கொள்ளுங்கள். சின்ன வார்த்தைதான். கண்டக்டராக பஸ்ஸில் தினமும் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன், வேண்டாம்மா படியில நிக்காத, வேண்டாம்டே தலைய வெளிய நீட்டாத. எதிர் அறையில் இருந்தவர் ஒரு நாள் சோறு வேண்டாம் என்றார். நாலு பேர் உள்ளே போனார்கள், நான் காதைப் பொத்திக்கொண்டேன், அப்புறம் அவர் அங்கே இல்லை, எங்கே கொண்டுபோனார்கள் என்று தங்கமாரியிடம் கேட்டதற்கு உன் வேலையைப் பார் என்றார். எனக்கு என்ன வேலை இருக்கிறது பார்ப்பதற்கு. சொல்லு, இப்போதே சொல்லு, அவன் உள்ளே வந்து மக்கைக் கீழே வைக்கிறான், உட்காருகிறான், சொல்லு. முதுகுப் பக்கம் விலங்கை மாட்டிக் கம்பியோடு பூட்டுகிறார்கள். இரும்பு மட்டும்தான் என்னைத் தொடுகிறது, தங்கமாரியின் விரல் படவில்லை, படாமல் மாட்ட நன்றாகப் பழகியிருக்கிறார்.

அப்புறம் ஒரு கை என் தலை மேல் விழுந்தது. ஈரக் கை. நான் துள்ளிவிட்டேன், விலங்கு கம்பியில் மோதி மணியடித்தது, தங்கமாரி லத்தியைத் தூக்கினார், அந்த ஆள் மட்டும் கையை எடுக்கவில்லை. மாட்டைப் பிடித்து நிறுத்துகிற மாதிரி அப்படியே வைத்திருந்தான். உள்ளங்கை முழுசாக. அதன் சூடு தண்ணீரையும் தாண்டி உள்ளே இறங்கியது. ஒரு மனுஷக் கை என் மேல் பட்டு எவ்வளவு காலமாயிற்று? இரண்டு தீபாவளி வெடிச்சத்தம் இங்கேயிருந்துதான் கேட்டேன், அதற்கு முன்னால் கோர்ட்டில் பகவதி என் சட்டைக் கையைப் பிடித்தாள், சட்டையைத்தான், என்னை இல்லை. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, வெட்கமாக இருந்தது, அதற்கும் மேல் பயமாக இருந்தது, ஏனென்றால் வேண்டாம் என்ற வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துவிட்டது, சொன்னால் இந்தக் கை போய்விடும். சொல்லாவிட்டால் முடி போய்விடும். கத்தி முன்நெற்றியில் வைத்துப் பின்னால் இழுபடுகிறது, பாதி பிளேடு, மழுங்கல், வறட் வறட்டென்று, அது தொண்டைப் பக்கம் வந்தால் என்ன செய்வேன் என்று ஒரு பக்கம் நடுங்குகிறது, இன்னொரு பக்கம் இடது கையால் அவன் என் நெற்றியைத் தாங்கிப் பிடித்திருக்கிறான், பிடித்துக்கொள் அப்பா, நன்றாகப் பிடித்துக்கொள். நான் நெரிசலிலேயே வாழ்ந்த ஆள். கோமதிநாயகம் என்றால் யாருக்கும் தெரியாது, பொன்வேல் பஸ் கண்டக்டர் என்றால் சங்கரன்கோவிலிலிருந்து புளியங்குடி வரைக்கும் எல்லாருக்கும் தெரியும். காலை டிரிப்பில் பஸ்ஸுக்குள் ஊசி குத்த இடம் இருக்காது. பூக்கூடைக்காரிகளின் முழங்கை விலாவில், காலேஜ் பையன்களின் பை முதுகில், யாரோ ஒரு தூக்கக்காரரின் தலை என் தோளில். உள்ள போங்க உள்ள போங்க, எலே ஓம் பாட்டி வீடா இது, கால நீட்டிக்கிட்டு நிக்க, என்று கத்திக்கொண்டே அந்த உடம்புகளுக்கு நடுவே நீந்திப் போவேன், சீ, என்ன பொழப்பு இது, நாலு அடி தள்ளி நிற்க ஒரு இடம் கிடைக்காதா என்று தினமும் சலித்துக்கொள்வேன். யாரோ காது கொடுத்துக் கேட்டுவிட்டார்கள்.

"என்னண்ணே இது" என்று முணுமுணுத்தான் முடி எடுக்கிறவன். கத்தி நின்றுவிட்டது. "கோழி கொத்துன மாதிரி இருக்கே." "ராயப்பா, பேச்சு வேணாம்" என்றார் தங்கமாரி. ராயப்பன். பெயர் தெரிந்துவிட்டது. ராயப்பனின் கட்டைவிரல் உச்சியில் ஒரு இடத்தில் நின்றது, கொஞ்ச நேரம் நின்றது, வலிக்குமோ என்று பார்க்கிறவன் மாதிரி மெல்ல அழுத்தியது. இப்போதாவது சொல்லியிருக்கலாம். பாதித் தலை மிச்சம் இருந்தது, பாதியைக் காட்டினாலும் போதுமே. நான் கண்ணை மூடிக்கொண்டேன். காதுக்குப் பின்னால் விரல் போனது, பிடரியில் போனது, நான் நல்ல பிள்ளையாக அந்தப் பக்கம் இந்தப் பக்கம் சாய்ந்துகொடுத்தேன். முடிந்ததும் துண்டால் ஒரு தடவை துடைத்தான். அவ்வளவுதான், எழுந்துவிட்டான். தங்கமாரி விலங்கைக் கழற்றுகிறார், அவன் கூட்டி அள்ளின முடியை ஒரு பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு நடையில் போகிறான். என் சாட்சி அந்தப் பையில் போகிறது. கூப்பிடு, கூப்பிட்டு என்ன செய்ய, திரும்ப ஒட்டவா போகிறான். பகவதிக்கு என்ன பதில் சொல்வேன்? ஒரு நாள் தறியை விட்டு வந்தால் ஒரு நாள் கூலி போச்சு, வக்கீல் வீட்டு வாசலில் நிற்கிறாள், கோர்ட் வாசலில் நிற்கிறாள், பார்சல் கண்டக்டர் பொண்டாட்டி என்று ஊரே பேசுகிறது, எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டு ஒரே ஒரு காரியம்தான் என்னிடம் கேட்டாள், குனிந்து தலையைக் காட்டுங்க என்று. தலை காட்டுகிற மாதிரிதான் இருந்தது பகவதி, ஆனால் ஒருத்தன் வந்து கையை வைத்தான், சுகமாக இருந்தது, கொடுத்துவிட்டேன். இதைச் சொல்ல முடியுமா? மனுஷன் சொல்கிற பேச்சா இது? பச்சை வாளிப் பக்கம் ஓடிப்போய்க் குமட்டினேன், ஒன்றும் வரவில்லை.

பார்சல் கண்டக்டர். அதையும் யோசிக்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன், யோசித்தால் அங்கேயே சுற்றிச் சுற்றி வரும். எல்லா பஸ்ஸிலும் நடக்கிறதுதான். அண்ணாச்சி இதப் புளியங்குடில எம் மச்சான் வந்து வாங்கிக்கிடுவான் என்று எதையாவது கொடுப்பார்கள், சாப்பாட்டுக் கேரியர், தறிச் சாமான், மருந்து, ஒரு தடவை உயிரோடு ஒரு சேவல். திறந்து பார்க்கிற வழக்கமே இல்லை, பார்த்தால் நம்பிக்கைக் குறைவு. ஒரு நாள் ஒரு துணிக்கடைப் பை கொடுத்தார்கள், வாங்கி டிரைவர் சீட்டுக்குப் பின்னால் வைத்தேன், புளியங்குடியில் ஒரு ஆள் வந்து வாங்கிக்கொண்டு சிரித்தான். அது பிற்பாடு ஒரு கட்சிக்காரர் வீட்டு வாசலில் வெடித்ததாம், காவலுக்கு இருந்த மனுஷர் செத்துப்போனாராம். கொடுத்தவன் முகம் கேட்டார்கள். நாள் பூரா முகமாகப் பார்க்கிறவனிடம் ஒரு முகத்தைக் கேட்டால்? இப்போது கேட்டால் அதுவும் தெரியாது, இப்போது எனக்கு எந்த முகமும் சரியாக வருவதில்லை, பகவதிக்கு மூக்குத்தி இடது பக்கமா வலது பக்கமா என்று போன வாரம் முழுக்க அடித்துக்கொண்டேன். வேண்டாம், விடு, தலையைத் தொடாதே. கை மேலே போகிறது. போகட்டும், இனி பிடுங்க அங்கே என்ன இருக்கிறது. போன கை தலையைத் தடவியது, நெற்றியிலிருந்து பின்னால், சொரசொரவென்று, உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி, மழுங்கல் பிளேடு, அடி முடியை விட்டுவிட்டுப் போயிருக்கிறது. சொரசொர, சொரசொர, அப்புறம் வழவழ. நின்றேன். மறுபடி தடவினேன். உச்சியில் ஒரு இடம், வலது காதுக்கு மேலே பெரிதாக இன்னொன்று, பின்னால் ஒன்று, சொரசொரப்பே இல்லை, எலுமிச்சம்பழத் தோல் மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது விரல். வேரோடு பிடுங்கின இடத்தில் கத்திக்கு வேலை இல்லையே. போகவில்லை! கண்ணுக்குத்தான் போய்விட்டது, கைக்குப் போகவில்லை. நான் சிரித்தேனா சத்தம் போட்டேனா தெரியவில்லை, நடையில் யாரோ "ஏய்" என்று அதட்டினார்கள்.

அதற்கப்புறம்தான் உண்மையான பயம் வந்தது. கைக்குத்தான் தெரியும் என்றால் கை வேண்டும். நீதிபதியின் கை. அவர் கம்பிக்கு அந்தப் பக்கம் நிற்பார், பக்கத்தில் ஜெயில் சூப்பிரண்டு, சுற்றிலும் போலீசு, நான் போய் என்ன சொல்ல, ஐயா என்னைத் தொடுங்கள் என்றா? எங்கள் பக்கம் தொட்டுப் பார் என்றால் ஒன்று காய்ச்சலுக்குச் சொல்வது, இல்லையென்றால் சண்டைக்குச் சொல்வது. பஸ்ஸில் தினமும் கேட்கிறதுதானே, தொட்டுப் பாருலே, கைய ஒடிச்சிருவேன். மிரட்டுகிறான் என்று நினைத்துவிட்டால்? பைத்தியம் என்று நினைத்துவிட்டால்? அதுவும் ஒரு பயம், பைத்தியம் என்று எழுதிவிட்டால் கேஸும் இருக்கும், பைத்தியமும் சேர்ந்துகொள்ளும், மாத்திரை போட்டு உட்கார வைத்துவிடுவார்கள், இதே மாதிரி இன்னொரு அறை. பதவிசாகச் சொல்ல வேண்டும். "ஐயா, தயவு செஞ்சு" என்று சொல்லிப் பார்த்தேன். குரல் எங்கேயோ கரகரவென்று பிசிறடித்தது. இஞ்சின் சத்தத்துக்கு மேலே கத்தின தொண்டை இது, இப்போது சின்னதாகப் பேசினாலே அதிகம் கத்திவிட்டோமோ என்று திடுக்கிடுகிறது. இன்னொரு தடவை. "ஐயா, எந்தலைய." சரியில்லை. அதற்குள் தங்கமாரி வந்து கம்பிப் பக்கம் குனிந்தார், முகத்தைப் பார்க்காமல் எங்கேயோ பார்த்துக்கொண்டு, "வந்துட்டாங்க. குறை எதுவும் இல்லன்னு சொல்லிரு. இல்லாட்டி ஒன் சம்சாரம் வந்து பாக்குறத நிறுத்திருவாங்க, ஜெயிலர் சொல்லச் சொன்னாரு. நான் சொல்லல, அவரு" என்றார். கடைசி வார்த்தையில் குரல் இறங்கிவிட்டது. பாவம், அவருக்கும் ஏதோ பயம். பகவதியைப் பார்க்க முடியாதா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த மூக்குத்தி, இடதா வலதா, இந்தத் தடவை மறக்காமல் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று இருந்தேனே.

பூட்சுச் சத்தம் நிறைய. கறுப்புக் கோட்டு இல்லை, வெள்ளைச் சட்டை போட்ட வயசான மனுஷர், கண்ணாடி, கையில் கைக்குட்டை, பிளீச்சிங் வாடை அவருக்கும் ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. முன்னால் வந்து நின்றார். இவ்வளவு பக்கத்தில் புது முகம். என்னால் பார்க்க முடியவில்லை, அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்தேன். "கோமதிநாயகம் நீங்கதானா? நான் மாவட்ட நீதிபதி. உடம்பு எப்படி இருக்கு?" நீங்க என்கிறார். யாரோ என்னை நீங்க என்கிறார். சூப்பிரண்டு சிரித்துக்கொண்டே, "நல்லா இருக்காருங்க ஐயா, பாருங்க, தலையெல்லாம் எடுத்து ஃப்ரெஷ்ஷா" என்றார். நீதிபதி என் தலையைப் பார்த்தார். கண்ணால்தான். "சாப்பாடெல்லாம்?" "நல்லா இருக்குங்கய்யா." "குறை ஏதாவது உண்டா? பயப்படாம சொல்லுங்க." இப்போது. இப்போதே. "ஒரு குறையும் இல்லீங்கய்யா, எல்லாரும் நல்லாப் பாத்துக்கிடுதாங்க" என்று என் வாய் சொன்னது, பாடம் ஒப்பிக்கிற மாதிரி, நானே கேட்டுக்கொண்டு நின்றேன். நீதிபதி தலையை ஆட்டினார். அறையை ஒரு சுற்றுப் பார்த்தார், புது வாளியைப் பார்த்தார், சரி என்றார். திரும்பினார். வெள்ளைச் சட்டையின் முதுகு தெரிந்தது, பூட்சுகள் எல்லாம் சேர்ந்து திரும்பின, அவ்வளவுதான், போச்சு, இத்தோடு போச்சு, இனி இந்தச் சுவர், இந்தக் கை, வருஷக்கணக்காக. என்னை அறியாமல் ஓட்டமாகப் போய்க் கம்பியில் தலையை வைத்து இடித்தேன். "ஐயா! தொட்டுப் பாருங்கய்யா!" பஸ் முழுக்கக் கேட்கிற குரல், எங்கிருந்து வந்ததோ. லத்திகள் எழுந்தன. "ஐயா பக்கத்துல போகாதீங்க, ஆபத்தான ஆள்" என்று சூப்பிரண்டு குறுக்கே கையை நீட்டினார். நான் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, இரண்டு கம்பிக்கு நடுவே மண்டையை எவ்வளவு முடியுமோ அவ்வளவு நுழைத்து, "எந்தலைய. ஒரே ஒரு தடவ. கண்ணுக்குத் தெரியாதுங்கய்யா" என்றேன். காது இரண்டும் கம்பியில் நசுங்கின. தரைதான் தெரிந்தது. ஒரு ஜோடிக் கறுப்புச் செருப்பு தயங்கி நின்றது. மற்ற பூட்சுகளை விட்டு முன்னால் வந்தது.

உலர்ந்த கை. முதலில் விரல் நுனி மட்டும், சுடுமோ என்கிற மாதிரி. அப்புறம் உள்ளங்கை. சொரசொரப்பின் மேல் ஊர்ந்து உச்சிக்குப் போனது, அங்கே நின்றது. விரல் அந்த வழவழப்பின் ஓரத்தைச் சுற்றி வந்தது, காதுக்கு மேலே இறங்கி அடுத்ததைக் கண்டுபிடித்தது, அதையும் சுற்றியது, பின்னால் போனது. "என்ன இது?" என்றார் நீதிபதி, வேறு குரலில். "பிடுங்கியிருக்கு. முடியை வேரோட பிடுங்கியிருக்கு. யார் பண்ணினது?" சூப்பிரண்டின் பூட்ஸ் ஒரு அடி நகர்ந்தது. தங்கமாரியின் செருப்பு அசையவில்லை. யார் பண்ணினது என்று கேட்கிறார். இவர்கள்தான் என்று சொல்லிவிடலாம், நம்புவார், இப்போது எதைச் சொன்னாலும் நம்புவார், கை அப்படி இருக்கிறது. அதைச் சொன்னால் தங்கமாரியின் கழுத்துக்குக் கத்தி. உண்மையைச் சொன்னால் நான் பைத்தியம். சொல்லாவிட்டால் ஒன்றுமில்லை. "சொல்லுங்க, யாரு?" "நான்தான்யா" என்றேன். "எங் கைதான். இங்க வேற யாருய்யா இருக்கா?" என் குரல் தரையில் பட்டு எனக்கே திரும்ப வந்தது. நீதிபதியின் கை இன்னும் தலை மேல்தான் இருக்கிறது. அவர் ஏதோ சொல்லப்போகிறார், சொல்வதற்குத் திரும்புவார், திரும்பும்போது கையை எடுத்துவிடுவார். எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது.